துண்டுக்கடியில் கை நீட்டாத கம்பெனி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு ஓரத்து சீட்டுதான் ஆகும், காலை நீட்டணும். மாடு மிதிச்ச கால். நான் வெள்ளக்கோயில்ல எறங்கிருவேன். நீங்க கரூருங்களா? சரி, சரி.

அந்தப் பையில இருக்கறது லேப்டாப்தானுங்களே? என்ன வேலைங்க? வெப்சைட்டா! அட, உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் இத்தனை நாளாத் தேடிட்டு இருக்கேன். பயந்துக்காதீங்க, கைமாத்து கேக்க மாட்டேன். ஒரு நியாயம் கேக்கணும்.

போன்ல எதையாவது போட்டுத் தேடறோமே, அந்தத் தேடுற கம்பெனி. பேரு வேண்டாம், சொன்னா எனக்குத் தலை சூடாயிரும். அவன் அப்பப்ப எதையோ மாத்தறானாம், அப்டேட்டுன்னு. மேல இருந்தது கீழ போயிருது, கீழ கிடந்தது மேல வந்துருது. அதை ஆருக்காக மாத்தறான்? தேடுற சனத்துக்காகவா, அவன் கல்லாவுக்காகவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க பார்க்கலாம்.

பார்த்தீங்களா, இழுக்கறீங்க. ‘ரெண்டும்தான்’ங்கறீங்க. எம்பட பொண்ணும் இதையேதான் சொல்லுவா. படிச்சவங்க அத்தனை பேருக்கும் இந்த ‘ரெண்டும்தான்’ எங்கிருந்துதான் வருதோ.

நான் மாட்டுத் தரகன். பேரு சென்னியப்பன். பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது கம்மி, சந்தையில அடி வாங்கிக் கத்துக்கிட்டது ஜாஸ்தி. நாங்க எப்படி விலை பேசுவோம்னு பார்த்திருக்கீங்களா? வாயால பேசறது கிடையாது. விக்கறவன் கையையும் என் கையையும் சேர்த்து மேல ஒரு துண்டைப் போட்டுக்குவேன். உள்ள விரலைப் பிடிக்கணும். எந்த விரலு, எத்தனை விரலுங்கறதுதான் விலை. சுத்தி எத்தனை பேரு நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. வெளிய அவன் வாயி, ‘கட்டுப்படியாகாது, மாட்டை அவுத்துட்டுப் போறேன்’னு கத்தும். உள்ள விரலு சரின்னு சொல்லும். அதனால நான் ஆரு வாயையும் நம்பமாட்டேனுங்க. விரலைத்தான் நம்புவேன். அதுலயே ஒரு வீட்டைக் கட்டினேன், ஒரு பொண்ணைப் படிக்க வெச்சேன்.

ஏப்பா கண்டக்டரு! அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைய்யா! இங்க மனுசன் பேசிட்டு இருக்கான்ல? ...என்ன முறைக்கிறே? டிக்கெட் எடுத்துட்டுத்தானே உக்காந்திருக்கேன்?

விடுங்க. ஒரே பொண்ணு எனக்கு. கோகிலவாணி. நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிச்சா. கவர்மெண்டு வேலைக்குக் காத்துக்கிட்டு இருந்தப்ப சும்மா இருக்க முடியாம ஒரு வெப்சைட் ஆரம்பிச்சா. ‘கட்டுத்தறி’ன்னு பேரு. மாட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சா, மடி வீங்கிருச்சா, கன்னு போட்டு நஞ்சுக்கொடி விழலையா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு நாலே வரி. முதல்ல இதைச் செய்யுங்க, இதைச் செஞ்சுறாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. முடிஞ்சுது. அடியில கேள்வி கேக்கறதுக்கு ஒரு இடம். ஆரு என்ன கேட்டாலும் அன்னைக்கே பதில் எழுதுவா. சோத்துல ஒரு கை இருக்கும், போன்ல ஒரு கை இருக்கும். எங்கூட்டுக்காரி, ‘மாடு திங்குதோ இல்லையோ, நீ தின்னுட்டு எழுதுடி’ன்னு வஞ்சுக்கிட்டே இருப்பா.

அப்பெல்லாம் தமிழ்ல மாட்டு நோவுன்னு எதைத் தேடினாலும் அவதான் முதல்ல வருவா. ஒரு நா சந்தையில ஒருத்தன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ‘அண்ணா, போன வாரம் என்ற மாட்டைக் காப்பாத்தினதே உங்க பொண்ணுதானுங்க’ன்னான். எனக்குப் பெருமைதான். எவ்வளவு வாங்கினாப்பான்னு கேட்டேன். ‘சும்மா சொன்னாங்ணா’ங்கறான். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலைங்க தம்பி. சும்மாவாம்! ஊரே வந்து குடிச்சுட்டுப் போற மாதிரி நடுரோட்டுல பால்குடத்தை வெச்சுட்டு உக்காந்திருக்கா.

அப்புறம்தான் நான் கையில எடுத்தேன். இல்லைன்னா அது எப்படி உருப்படும்? கோயமுத்தூர்ல ஒரு பையனைப் பிடிச்சேன். அபிஷேக்குன்னு பேரு, வெப்சைட்டை மேல ஏத்திவிடறதுதான் தொழில். அவன் பார்த்துட்டுச் சொன்னான், ‘சார், நாலு வரியில முடிச்சா ஆளு வந்த வேகத்துல போயிருவான். நீளமா எழுதணும். பதிலைக் கடைசியில வெக்கணும். அப்பத்தான் தள்ளிக்கிட்டே வருவான், வழியில விளம்பரத்தைப் பார்ப்பான்.’ எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. நாங்களும் அப்படித்தானே? மாடு கேட்டு வந்தவனுக்கு முதல்லயே நல்ல மாட்டைக் காட்டிருவமா?

அவனே எழுதிக் குடுத்தான். வயிறு உப்பினதுக்கு வழி கேட்டா மொகஞ்சதாரோவுல ஆரம்பிச்சான். பசுவும் மனிதனும், பசுவும் விவசாயமும், பாலில் உள்ள சத்துக்கள். வாணி படிச்சுட்டுச் சிரிச்சா. முதல்ல சிரிக்கத்தான் செஞ்சா. அப்புறம், ‘அப்பா, மாடு கீழ கிடந்து மூச்சு வாங்கிட்டு இருக்கறப்ப இதை எவன் உக்காந்து படிப்பான்?’ன்னா.

‘படிக்க வேண்டாம் கண்ணு. தள்ளட்டும். தள்ளத் தள்ளத்தான் வருமானம்.’

‘நான் எழுதின நாலு வரி எங்கப்பா?’

‘இருக்குது. அடியில பத்திரமா இருக்குது.’

தப்பா ஏதாச்சும் பண்ணினேனா, சொல்லுங்க? அவ எழுதினதுல ஒரு எழுத்தை அழிக்கலையே. எடத்தைத்தான் மாத்தினேன்.

கொஞ்ச நாளு நல்லா ஓடுச்சுங்க. அப்புறம் ஒரு நா அந்தக் கம்பெனிக்காரன் மாத்தினான் பாருங்க. ராவோட ராவா எங்களைத் தூக்கி எங்கயோ கொண்டுபோயி எறிஞ்சுட்டான். தேடறேன், தேடறேன், எங்களைக் காணோம். கேட்டா, ‘மக்களுக்குப் பயன்படற எழுத்தை மட்டும்தான் மேல கொண்டுவர்றோம்’னு அறிக்கை விட்டிருக்கானாம். எங்க சந்தையில மாட்டுப் பல்லைப் புடிச்சுப் பார்த்து வயசைக் குறைச்சுப் புளுகறவன் கூட இப்படிப் பேசமாட்டான்.

நான் விடுவேனா? எங்க பணம் இருக்குதோ அங்க ஒரு கை இருக்கும். அந்தக் கையைப் பிடிக்கணும், அவ்வளவுதானே. அவங்க விளம்பரத்துக்குன்னு ஒரு பொண்ணு ஐதராபாத்துல இருந்து போன் பண்ணுவா. தமிழு நல்லா பேசுவா.

‘அம்மணி, என்னை மறுபடி மேல கொண்டுவரணும். என்ன ஆகும்?’

‘சார், விளம்பரம் வேற, ரேங்க் வேற. ரேங்கைக் காசுக்கு வாங்க முடியாது சார்.’

‘சரிம்மா. எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நீ உன்ற விலையைச் சொல்லு.’

‘அதுக்கு விலையே இல்லை சார்.’

‘உனக்கு அதிகாரம் இல்லைன்னா, முடிவு பண்றவருகிட்டப் போனைக் குடு.’

‘கம்ப்யூட்டர்தான் சார் முடிவு பண்ணுது.’

‘கம்ப்யூட்டருக்குக் கரண்டு பில்லு கட்டறவன் ஒருத்தன் இருப்பான்ல? அவனைக் கூப்பிடு.’

சிரிக்கறீங்களா? சிரிங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சா. சிரிச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘விளம்பரமா குடுத்தீங்கன்னா முதல்லயே வரும் சார்’னா. பார்த்தீங்களா! உள்ள விரலு அசைஞ்சுதா இல்லையா? பயன்படாத எழுத்துன்னு கீழ தள்ளினவன், காசைக் கட்டினதும் அதே எழுத்தைத் தூக்கி எல்லாத்துக்கும் மேல வெச்சான். ஓரத்துல ‘விளம்பரம்’னு பொடி எழுத்துல போட்டானாம். அதை எவன் கண்டான்? இப்பச் சொல்லுங்க, சனத்துக்கா, கல்லாவுக்கா?

அந்தச் சமயத்துலதான் மாரப்பன் சமாச்சாரம் நடந்துபோச்சு.

மூலனூருப் பக்கம் ஒரு பெரியவரு. தனிக்கட்டை. ஒத்தை மாடு, அதுல கறக்கற பாலுதான் அவருக்கு எல்லாம். நல்லா மழை பேஞ்ச அடுத்த நாளு, இளம்புல்லை மேஞ்சுட்டு வந்த மாட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சு. முன்னாடி ஒருக்கா வாணி எழுதினதைப் பார்த்துச் செஞ்சு இதே மாட்டைப் பிழைக்க வெச்சிருக்காரு. அந்த நம்பிக்கையில போன்கிட்ட வாயாலயே சொல்லித் தேடியிருக்காரு. முதல்ல வந்தது நாங்கதான். காசு கட்டியிருக்கேனே, வராம என்ன? திறந்தாரு. பச்சைக் கலருல, ‘உடனடித் தீர்வு, இங்கே தொடவும்’னு இருந்துச்சு. அது நான் பேசிக் கொண்டாந்த தீவனக் கம்பெனி விளம்பரம். தொட்டாரு. நம்பரைக் கேட்டுச்சு, குடுத்தாரு. பொண்ணுதான் கூப்பிடப்போகுதுன்னு மாட்டுக்குப் பக்கத்துலயே போனை வெச்சுக்கிட்டு நின்னிருக்காரு. போனும் வந்துச்சு. ‘எத்தனை மூட்டைங்க போடட்டும்?’னு கேட்டிருக்கான். அவரு புரியாம மாட்டைப் பத்திச் சொல்லச் சொல்ல, அவன் தீவனத்தைப் பத்திச் சொல்லியிருக்கான். மாடு சாஞ்சுருச்சு.

பழைய நம்பரைத் தேடிப் பிடிச்சு வாணிக்கு போன் பண்ணினாரு. வையலைங்க. ‘கண்ணு, நீ எழுதினது அதுக்குள்ளதான் இருந்திருக்கும். எனக்குத்தான் கண்ணுக்குச் சிக்கலை’ன்னு மட்டும் சொன்னாராம்.

வயசான காலத்துல கண்ணு தெரியாதவரு போனை எதுக்குத் தொடணும்? தொட்டதுதான் தொட்டாரு, கொஞ்சம் தள்ளிப் பார்த்தா ஆகாதா? அதையெல்லாம் கேட்டா நான் பொல்லாதவன்.

ஆனா நான் ஈரமில்லாதவன் கிடையாதுங்க. வாணி, ‘நான் போயிப் பார்த்துட்டு வர்றேன்’னு கிளம்பினா. நானும் வர்றேன்னு வண்டியை எடுத்தேன். செத்த மாட்டுக்கு உண்டான விலையைக் குடுத்துரலாம்னுதான். போனோம். கட்டுத்தறி வெறும் தரையாக் கிடந்துச்சு. அவரு திட்டு மேல உக்காந்திருந்தாரு. வாணி அவரு பக்கத்துல போயி நின்னா. நான் தோள்ல இருந்த துண்டை எடுத்து அவரு கை மேல போட்டேன். எத்தனாவது ஈத்துங்கன்னு கேட்டேன். ஆறுன்னாரு. ஆறு கன்னு போட்ட மாட்டுக்குச் சந்தையில என்ன விலை போகும்னு எனக்குத் தெரியாதா? நியாயமாத்தான் பிடிச்சேன். அவரு கை துண்டுக்குள்ள சும்மா கிடந்துச்சு. விரலு அசையலை. சரி, எடுத்த எடுப்புல ஜாஸ்தி சொல்லிட்டமோன்னு ஒரு விரலைக் குறைச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். அப்பவும் அசையலை. அசையலைன்னா சம்மதம்னுதானே அர்த்தம்?

அப்ப வாணி துண்டை உருவிட்டா.

உங்களுக்குத் தெரியாது தம்பி. விலை பேசறப்ப துண்டை உருவறதுங்கறது, சந்தையில கொலை விழற விசயம். என் வாழ்நாள்ல ஒருத்தன் அதைச் செஞ்சதில்லை. எங்க ரெண்டு பேரு கையும் வெயில்ல அப்படியே கிடந்துச்சு. அந்தாளோட சுண்டு விரலை நான் பிடிச்சிருக்கேன். அவரு என் மூஞ்சியப் பார்க்கலை, வெறும் தரையைப் பார்த்துட்டு இருக்காரு.

நான் கத்திப்போட்டேன். ‘உனக்கென்னடி தெரியும், இந்த உப்பு புளி எங்கிருந்து வருதுன்னு தெரியுமா? அந்த வெப்சைட்டு என் காசுல ஓடுது, நீ ஆரு?’ன்னு கேட்டுப்போட்டேன். கோவத்துல வர்றதுதானே. அப்பன் கேக்கக்கூடாதா? அவ வீட்டுக்கு வந்து துணிமணியை எடுத்து வெச்சா. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பால் பண்ணையில வேலைக்குச் சேர்ந்துட்டா.

அதுல இருந்து அவங்கம்மாகிட்ட மட்டும்தான் பேசறா. நான் உள்ள வந்தேன்னா எங்கூட்டுக்காரி போனை எடுத்துக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருவா. ஒருக்கா அந்த போனைப் பிடுங்கி, ‘கண்ணு’ன்னு மட்டும் சொன்னேன். கட் ஆயிருச்சு. சிக்னல் கிடைக்கலையோ என்னமோ. என் நம்பருல இருந்து போட்டா மணியே அடிக்கறதில்லை.

இல்லைங்க, அழுகலை. ஜன்னல் வழியா தூசி வருது. நீங்க சாத்த வேண்டாம், உங்களுக்குப் புழுங்கும்.

மீதியைக் கேளுங்க, நியாயமே அங்கதான் இருக்குது. அங்க போயி அவ புதுசா ஒரு பக்கம் ஆரம்பிச்சிருக்கா. பேரு கூட ஒழுங்கா வெக்கலை, ‘மாட்டுக்கு முதலுதவி’ன்னு இருக்குது. ஒரு விளம்பரம் கிடையாது. மறுபடியும் அதே நாலு வரி. அந்தக் கம்பெனிக்காரன் இன்னொருக்கா மாத்தினான், அவளைத் தூக்கி முதல்ல வெச்சுட்டான்! நான் காசு கட்டறதை நிறுத்தின பொறவு என்னைக் கண்ணுலயே காட்டறதில்லை. அவ ஆரு கையைப் பிடிச்சிருப்பான்னு நானும் ரோசனை பண்ணிப் பார்த்துட்டேன். ஒண்ணும் பிடிபடலை. ஆரு கையையும் பிடிக்காம மேல வந்தாள்னு சொன்னா நம்பறதுக்கு நான் என்ன பச்சைக் குழந்தையா?

நீங்க சொல்றது காதுல விழுது. நல்லா எழுதினதால வந்துச்சுங்கறீங்க. சரி, அப்படியே இருக்கட்டும். அப்ப அது சனத்துக்காகப் பண்ணினதுதானேங்கறீங்க. இருங்க, முடிக்கலை. இப்பப் புதுசா ஒண்ணு பண்ணியிருக்கான், பார்த்தீங்களா? உங்க போன்ல போட்டுப் பாருங்க. மாடு வயிறு உப்பல்னு போடுங்க. மேல கட்டம் கட்டிப் பதில் வருதா? படிங்க. ‘முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி மாட்டை நிறுத்தவும்.’ அது ஆரு எழுத்துன்னு நினைக்கறீங்க? எம்பட பொண்ணு எழுத்து! அவ எழுதினதை எடுத்து, ரெண்டு வார்த்தையை மாத்தி, அவனே சொல்ற மாதிரி மேல போட்டுட்டான். பக்கத்துலயே பாருங்க, தீவன விளம்பரம். அவ பக்கம் எங்க இருக்குது? தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. அங்க, அடியில.

ஏனுங்க தம்பி, பதிலை அடியில வெச்சு விளம்பரத்தை மேல வெக்கற வேலையை உலகத்துலயே பெரிய கம்பெனி பண்ணலாமா? வெக்கமா இல்லை? இதுக்குப் பேரு திருட்டு இல்லையா?

என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

மாடு பிழைச்சா சரிதானேங்கறீங்களா? நல்லாப் பிழைக்கட்டும். ஆனா நாலு வரியில அடங்காத கேள்வி ஒண்ணு வரும். சினையா இருக்குதா, கன்னு போட்டு எத்தனை நாளாச்சு, சாணி எப்படி இருக்குதுன்னு அவ திருப்பிக் கேப்பா. அதைக் கேட்டுட்டுத்தான் மருந்து சொல்லுவா. அந்தக் கட்டத்துக்குள்ள ஆரு இருக்கா, திருப்பிக் கேக்கறதுக்கு?

இப்ப அவ பக்கத்துக்கு ஆளே போறதில்லைங்க. மேலயே பதில் கிடைச்சா அடியில எவன் போவான்? நான் தினமும் காலையில எந்திரிச்சதும் பார்க்கறேன். கேள்வி கேக்கற எடம் காலியாக் கிடக்குது. போன வாரம் அவ ஒண்ணு எழுதியிருந்தா. ‘முன்பு போல இங்கே யாரும் வருவதில்லை. இன்னும் சில நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.’ அதைப் படிச்சதுல இருந்து எனக்கு எதுவுமே ஓடலை. அவ நிறுத்திட்டாள்னா, அவ எப்படி இருக்கான்னு நான் எங்க போயிப் பார்க்கறது? அம்மாக்காரி சொல்லமாட்டா. அந்தப் பக்கம் ஒண்ணுதான் எனக்கு வழி. அவ எழுதினதைப் பார்த்தா, சரி, இன்னைக்குச் சாப்பிட்டிருக்கா, எழுந்து நடமாடறான்னு தெரிஞ்சுக்குவேன்.

அதனால ஒரு உதவி. அவ பக்கத்தைத் திறங்க. கேள்வி கேக்கற எடத்துல உங்க பேருல ஒரு கேள்வி போடுங்க. என் போன்ல போட்டா என் பேரு வந்துரும். கண்டுபிடிச்சா பதில் சொல்லமாட்டா.

உங்களுக்கு மாடு இல்லைன்னா என்ன? நான் தர்றேன் மாடு. எழுதுங்க. ஜெர்சி கலப்பு. ரெண்டாம் ஈத்து. கன்னு போட்டு மூணு மாசம்.

என்ன நோவுன்னு போடறதா? இருங்க.

என்ன காட்டறீங்க? ஆமா, பார்த்திருக்கேன். ‘மாடு எழாமல் கிடந்தால் உங்கள் எண்ணைப் பதிவிடுங்கள், நானே அழைக்கிறேன்.’ ஆமாங்க, கூப்பிடுவா. போட்டா உடனே கூப்பிடுவா. அவ குரலைக் கேட்டு ரொம்ப...

உங்க நம்பரைப் போட்டா இந்த பஸ்ஸுலயே கூப்பிடுவாளா?

...

வேண்டாங்க தம்பி. வேண்டாம். மாடு சாஞ்சுருச்சுன்னா அவ பதறிப்போவா. அப்புறம் பொய்யின்னு தெரிஞ்சா, இனிமே ஆரு கூப்பிட்டாலும் பொய்யோன்னு நினைப்பா. அது வேண்டாம். பாலு கொஞ்சம் குறையற மாதிரி இருக்குதுன்னு போடுங்க. ரொம்ப இல்லை, கொஞ்சம். அதுக்கு அவ நாலு கேள்வி கேப்பா. நீங்க பதில் போட வேண்டாம், எனக்கு அதைப் படிச்சாப் போதும்.

கண்டக்டரு, வெள்ளக்கோயில் ஆளு இருக்குதுப்பா, நிறுத்திக்க!

அனுப்பிட்டீங்களா? இன்னும் இல்லையா? நல்லதாப் போச்சு. கடைசியில ஒண்ணு சேருங்க. அவசரம் இல்லைன்னு. முதல்ல சாப்பிட்டுட்டு, மெதுவா எழுதட்டும். நான் பொறுத்துக்குவேன்னு... இல்லை, இல்லை, நான்னு போடாதீங்க. மாடு பொறுத்துக்கும்னு போடுங்க.